தொழில் பாடமான கதை

1876ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு பெரும் கண்காட்சி திறந்தது. நாடு விடுதலையை அறிவித்து நூறாண்டு நிறைந்ததைக் கொண்டாடும் விழா அது. நவம்பரில் முடியும்வரை ஏறத்தாழ ஒரு கோடி நுழைவுகள் பதிவாயின. இயந்திர மண்டபத்தின் நடுவே 1,400 குதிரைத்திறன் கொண்ட கார்லிஸ் நீராவி எஞ்சின் நின்றது. மண்டபத்தில் இருந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றை அதுதான் ஓட்டியது. வந்தவர்கள் எல்லாரும் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவராக இருந்த ஜான் ரங்கிளின் கவனத்தைப் பிடித்தது அந்த ராட்சத எஞ்சின் அல்ல. ரஷ்யா வைத்திருந்த ஒரு சிறிய பெட்டி. அதில் மூன்று வரிசைகளாக இரும்புத் துண்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு வரிசை உளியால் செதுக்கி அரத்தால் ராவியவை, இன்னொன்று உலையில் காய்ச்சி அடித்தவை, மூன்றாவது இயந்திரத்தில் கடைந்தவை. எந்தத் துண்டும் எந்த இயந்திரத்துக்கும் உதிரிபாகம் இல்லை. எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக ஏறும் பயிற்சித் துண்டுகள் அவை. கைவேலையைக் கற்பிப்பதற்காகவே செய்யப்பட்டவை. ரங்கிள் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார். அவருடைய கழகத்தில் கணிதமும் பௌதிகமும் கரைத்துக் குடித்த மாணவர்கள் பட்டறைக்குப் போனால் கை ஓடாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குறைக்கு விடை அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

இன்று அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள் இரண்டாண்டுப் படிப்பில் தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்குகின்றன. வெல்டிங், லேசர், உயிரித்தொழில்நுட்பம், சிப் தயாரிப்பு என்று அவை கற்பிக்கும் துறைகள் ஏராளம். அந்தக் கல்லூரிகளின் கட்டடங்களைப் பற்றியும் கட்டணங்களைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அங்கே ஆசிரியர் கையில் இருக்கும் பயிற்சித் தாள், மாதிரி, செயல்முறைப் பெட்டி ஆகியவை எங்கிருந்து வந்தன என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. தொழிலைச் செய்யத் தெரிவது ஒரு திறமை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கும் பாடமாக்குவது முற்றிலும் வேறொரு திறமை. அந்த வேலையை எந்தக் காலத்தில் யார் செய்தார்கள், செய்ததைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்களா, ஊருக்குக் கொடுத்தார்களா என்பதில்தான் தொழிற்கல்வியின் வரலாறே இருக்கிறது.

மாஸ்கோவின் வரிசை

அந்த ரஷ்யப் பெட்டியின் காலத்துக்கு முன்பு தொழில் கற்கப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது. சிறுவனைப் பட்டறையில் கொண்டுபோய் விடுவார்கள். அவன் துருத்தி ஊதுவான், கரி அள்ளுவான், எடுபிடி வேலை செய்வான். ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து வேலை பழகுவான். எதை முதலில் கற்பான், எதைக் கடைசியில் கற்பான் என்பதை அன்றன்று பட்டறைக்கு வரும் வேலை தீர்மானித்தது. வண்டிச் சக்கரம் வந்தால் சக்கரம், பூட்டு வந்தால் பூட்டு. நல்ல ஆசான் வாய்த்தால் பிழைத்தான். வாய்க்காவிட்டால் ஏழு ஆண்டும் எடுபிடிதான்.

பிலடெல்பியாவுக்கு அந்தப் பெட்டியை அனுப்பிய மாஸ்கோ பேரரசுத் தொழில்நுட்பப் பள்ளியின் இயக்குநர் விக்டர் டெல்லா-வோஸ் 1868ஆம் ஆண்டு வாக்கில் இந்த முறையைத் தலைகீழாக மாற்றினார். பொருள் உற்பத்தி செய்யும் பட்டறை வேறு, கற்பிக்கும் பட்டறை வேறு என்று முதலில் பிரித்தார். தச்சு, கடைசல், கொல்லு, ஃபிட்டிங் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டறை. எத்தனை மாணவரோ அத்தனை மேசை, அத்தனை தொகுதிக் கருவிகள். ஒவ்வொரு தொழிலிலும் வரும் அசைவுகளையும் இணைப்புகளையும் பிரித்தெடுத்து எண்ணிட்ட வரிசையாக்கினார். மாணவர் பழைய துண்டைப் பார்த்துக் காப்பியடிக்கக் கூடாது. வரைபடத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். ஒரு எண்ணைச் சரியாக முடிக்காமல் அடுத்த எண்ணுக்குப் போக முடியாது.

அரத்தையே எடுத்துக்கொள்வோம். அரத்தின் பற்கள் இரும்பில் எந்தக் கோணத்தில் பதிகின்றன என்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வது கடினம். பல்லோ சிறியது, வேலையோ வேகமாக நடக்கிறது. மாஸ்கோ பள்ளி அரத்தின் பல்லைப் பல மடங்கு பெரிதாக்கி மாதிரி செய்து வைத்தது. துளையிடும் கருவிகளுக்கும் அப்படியே. மாணவர் முதலில் அந்தப் பெரிய மாதிரியில் கோணத்தைப் புரிந்துகொள்வார், பிறகு உண்மையான அரத்தைக் கையில் எடுப்பார். ஆசானின் விரல்களில் மட்டும் இருந்த அறிவு மேசைமேல் வந்து உட்கார்ந்தது.

இதன் விளைவு எளிமையானது, பெரியது. ஒரே ஆசிரியர் ஒரு வகுப்பு முழுவதற்கும் கற்பிக்க முடிந்தது. படிப்புக்கு எத்தனை மாதம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. வேலைக்கு மதிப்பெண் போட முடிந்தது. டெல்லா-வோஸ் இதை ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. 1873இல் வியன்னா, 1876இல் பிலடெல்பியா, 1878இல் பாரிஸ் என்று உலகக் கண்காட்சிகளுக்கு மாதிரிகளை அனுப்பினார், முறையை எழுதி விளக்கினார்.

ரங்கிள் ஊர் திரும்பியதும் வேலையைத் தொடங்கினார். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலேயே கழகத்தின் நிர்வாகத்திடம் கைத்தொழிற் பள்ளி ஒன்றைத் தொடங்க அனுமதி கேட்டார். செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கால்வின் உட்வர்டும் இதே கவலையில் இருந்தவர். இயந்திரவியல் பாடத்தை விளக்க மரத்தில் மாதிரிகள் செய்யச் சொன்னால் அவருடைய மாணவர்களுக்கு ரம்பம் பிடிக்கத் தெரியவில்லை. 1879இல் அவர் கைப்பயிற்சிப் பள்ளிக்கு அனுமதி பெற்றார், 1880 செப்டம்பரில் அது திறந்தது. கணிதம், அறிவியல், வரைபடம், பட்டறை எல்லாம் ஒரே கால அட்டவணையில் இடம்பெற்றன. அமெரிக்க நகரங்கள் பலவும் அதைப் பின்பற்றின.

எதிர்ப்பும் வந்தது. செய்து முடித்த பயிற்சித் துண்டு குப்பைக்குப் போகிறது, பயனில்லாத பொருளைச் செய்யும் பிள்ளைக்கு அதில் மனம் எப்படி ஒட்டும் என்று கேட்டவர்கள் ஸ்வீடன் நாட்டு ஆசிரியர் ஓட்டோ சாலமனின் வழியைக் காட்டினார்கள். நேஸ் என்ற ஊரில் அவர் நடத்திய பள்ளியில் ஒவ்வொரு பயிற்சியும் வீட்டுக்கு உதவும் ஒரு பொருளாக முடியும். முறையும் கற்றாயிற்று, அகப்பையும் கிடைத்தாயிற்று. அந்த விவாதம் இன்றுவரை ஓயவில்லை. நம்முடைய தொழிற்பயிற்சி நிலையத்து (ஐடிஐ) ஃபிட்டர் வகுப்பில் நாள் முழுக்கப் பெஞ்ச் வைஸில் இரும்பைக் கட்டி, ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்து ராவிய மாணவரைக் கேட்டாலும் அதே கேள்விதான் வரும். இந்த ஜாப் கடைசியில் எங்கே போகிறது?

தபாலில் வந்த பட்டறை

மாஸ்கோ முறைக்குப் பள்ளி வேண்டும், பட்டறை வேண்டும், பகல் நேரம் வேண்டும். நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து மணி நேரம் வேலை செய்தவனுக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது.

பென்சில்வேனியாவில் ஏவண்டேல் சுரங்கம் 1869 செப்டம்பர் 6ஆம் தேதி தீப்பற்றியது. சுரங்கத்துக்கு இருந்தது ஒரே வாய். அதன் மேலே மரத்தால் கட்டியிருந்த கட்டடம் எரிந்து வழியை அடைத்தது. 110 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் சுரங்கப் பாதுகாப்புச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 1885இல் வந்த சட்டத்தின்படி சுரங்க மேற்பார்வையாளராக விரும்புபவர் தேர்வு எழுதித் தேற வேண்டும். காற்றோட்டக் கணக்கு, வாயுக்களின் தன்மை, நீர் இறைக்கும் பம்பு எல்லாம் தேர்வில் உண்டு. சுரங்கத்தில் இருபது ஆண்டு அனுபவம் உள்ளவருக்குக் காற்று எப்படிப் போகும் என்று உடம்பு அறியும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று தாளில் போட்டுக்காட்டத் தெரியாது.

ஸ்க்ராண்டன் நகரில் சுரங்கத் தொழிலுக்காக ஒரு பத்திரிகை நடத்திய தாமஸ் ஃபாஸ்டருக்கு வாசகர்களின் கேள்விகள் குவிந்தன. கேள்வி பதில் பகுதி தொடங்கினார். அது போதாது என்று தெரிந்ததும் 1891இல் தபால் வழிப் பாடத்தைத் தொடங்கினார். சர்வதேச அஞ்சல்வழிப் பள்ளி என்று பின்னர் உலகம் அறிந்த நிறுவனம் அப்படிப் பிறந்தது.

அதன் பலம் முழுவதும் பாடத்தாளில் இருந்தது. அன்றைய பொறியியல் நூல்கள் இயற்கணிதம் தெரிந்தவருக்காக எழுதப்பட்டவை. ஃபாஸ்டரின் பாடத்தாள் கூட்டல் கழித்தலில் தொடங்கியது. முந்தைய தாளில் சொல்லித்தராத ஒன்றை அடுத்த தாள் எதிர்பார்க்காது. சிறு புத்தக அளவு, நிறையப் படங்கள், ஒவ்வொரு விதிக்கும் கீழே போட்டுக்காட்டிய கணக்கு. முடிவில் கேள்விகள். விடைகளை எழுதி அனுப்பினால் திருத்தி, எங்கே தவறு என்று விளக்கி, அடுத்த தாளோடு திரும்பி வரும். ரயில்வே தொழிலாளருக்காகப் பிரேக் கருவிகளைப் பொருத்திய பயிற்சி ரயில் பெட்டிகளையும் நிறுவனம் ஓட்டியது. அமெரிக்கக் கார் தொழிலில் பின்னாளில் பெயர் பெற்ற வால்ட்டர் கிரைஸ்லர் இளமையில் ரயில்வே பட்டறைத் தொழிலாளியாக இருந்தபோது இந்தப் பாடங்களைப் படித்தவர்.

இருபது ஆண்டுக்குள் சேர்ந்தவர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியது. பாதியில் விட்டவர்களே அதில் மிகுதி. பணத்தைக் கட்டிவிட்டுத் தனியாக விளக்கடியில் உட்கார்ந்து படிப்பவனுக்குத் தோள் கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் தொழிற்கல்விக்கு அந்தத் தாள்கள் ஓர் அளவுகோலை விட்டுச்சென்றன. படிப்பவர் எந்தப் படியில் நிற்கிறாரோ அந்தப் படியிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். பின்னாளைய சமுதாயக் கல்லூரிக்கு வந்த மாணவர்களும் இதே வகையினர்தான். பகலில் வேலை, மாலையில் வகுப்பு, கணக்கென்றால் பயம்.

முடிச்சுப் பாடம்

முதல் உலகப் போரில் அமெரிக்காவுக்குக் கப்பல்கள் அவசரமாகத் தேவைப்பட்டன. கப்பல் கட்டுமிடங்களில் ஆயிரக்கணக்கான புதியவர்களைச் சேர்த்தார்கள், கற்பிக்கத்தான் ஆள் இல்லை. மாசசூசெட்ஸ் தொழிற்கல்வியாளர் சார்லஸ் ஆலன் கைதேர்ந்த தொழிலாளர்களையே பயிற்றுநர்களாக்கும் வேலையில் இறங்கினார். தயார்ப்படுத்து, காட்டு, செய்யவிடு, சோதி என்ற நான்கு படி முறை அவருடையது. அதைவிட முக்கியமானது, பாடம் எடுப்பதற்கு முன்னால் தொழிலைப் பட்டியலிட வேண்டும் என்று அவர் வற்புறுத்தியது. தொழிலாளி செய்யும் வேலைகள் எவை, ஒவ்வொன்றிலும் என்ன தெரிந்திருக்க வேண்டும், எது எளிது, எது கடினம். 1919இல் அவர் இதை நூலாக வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது அந்த நான்கு படி முறை ஒரு சட்டைப்பை அட்டைக்குள் அடங்கியது. 1940இல் தொடங்கிய தொழிலகப் பயிற்சித் திட்டத்துக்கு முதலில் வந்த சிக்கல்களில் ஒன்று கண்ணாடி லென்ஸ் தேய்ப்பவர்கள் பற்றாக்குறை. தேர்ந்த ஆள் உருவாக ஐந்து ஆண்டு ஆகும் என்பது அன்றைய நம்பிக்கை. தொழிலைப் பிரித்துப் பார்த்தபோது பெரும்பகுதி வேலை சில மாதங்களில் கற்கக்கூடியது என்று தெரிந்தது. மேற்பார்வையாளர்களுக்குப் பத்து மணி நேரப் பயிற்சி, இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து நாள். போர் முடியும்போது பதினேழு லட்சத்துக்கும் அதிகமானோர் அந்தத் திட்டத்தின் சான்றிதழ் பெற்றிருந்தார்கள்.

அந்தப் பயிற்சியின் முதல் நாளில் ஒரு செயல்விளக்கம் உண்டு. மின் விளக்கு ஹோல்டருக்குள் ஒயரின் இரண்டு இழைகளையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவார்கள். கீழே இழுத்தாலும் பாரம் திருகில் விழாமல் முடிச்சு தாங்கிக்கொள்ளும். எலக்ட்ரீஷியன்களுக்குப் பழக்கமான முடிச்சு. பயிற்றுநர் ஒருவரை முன்னால் அழைத்து, முடிச்சுப் போடும் விதத்தை வாயால் மட்டும் சொல்வார். வலது இழையை இடப்பக்கம் கொண்டுவந்து, கண்ணியாக்கி, பின்னால் விட்டு... கேட்டவர் கையைப் பிசைவார். பிறகு இன்னொருவரை அழைத்து, ஒன்றும் சொல்லாமல் செய்துமட்டும் காட்டுவார். அவருக்கும் வராது. மூன்றாவது ஆளுக்கு முறைப்படி கற்பிப்பார். ஒரு படி செய்துகாட்டி, அந்தப் படியில் எது உயிர்நாடியோ அதைச் சொல்லி, ஏன் என்றும் சொல்லி, அவரையே செய்யவிட்டு, செய்யும்போதே வாய்விட்டு விளக்கச் சொல்வார். முடிச்சு விழும். எதிரில் உட்கார்ந்திருக்கும் மேற்பார்வையாளர்கள் அதுவரை புதியவர்களை மந்தம் என்று திட்டிக்கொண்டிருந்தவர்கள். குறை எங்கே என்பதைக் கண்ணெதிரே பார்த்தார்கள்.

கல்லூரிக்குள் வந்த தொழில்

அமெரிக்காவின் முதல் பொது இரண்டாண்டுக் கல்லூரி 1901இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்குள் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ஹார்ப்பரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டை ஊரிலேயே படிக்கலாம் என்பதுதான் நோக்கம். தொழிற்பாடம் பிறகே வந்தது.

1944இல் வந்த சட்டம் போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குப் படிப்புச் செலவை ஏற்றது. வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. அதிபர் ட்ரூமன் அமைத்த, ஜார்ஜ் ஸூக் தலைமையிலான குழு 1947 டிசம்பரில் அறிக்கை தந்தது. மக்களில் குறைந்தது 49 விழுக்காட்டினர் பதினான்கு ஆண்டுப் படிப்பை முடிக்கும் திறன் உள்ளவர்கள் என்றும், கட்டணம் இல்லாத சமுதாயக் கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்றும் அது சொன்னது. 1960களில் அந்தக் கல்லூரிகள் வேகமாகப் பெருகின. இடையில் 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அறிவியல் கல்விக்கு அமெரிக்கா பணத்தைக் கொட்டத் தொடங்கியது. அந்தப் பணத்தில் எழுதப்பட்ட புதிய பௌதிகப் பாடங்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை நோக்கிப் போகும் பிள்ளைகளுக்கானவை. கருவியைப் பழுதுபார்க்கப் போகிறவருக்கு அவை அந்நியமாகவே இருந்தன.

1970களில் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியில், அமெரிக்கப் பௌதிகக் கழகத்தின் ஒருங்கிணைப்பில் வந்த தொழில்நுட்பப் பௌதிகத் தொகுதிகள் இந்த இடைவெளியை நேரடியாகக் கையாண்டன. உட்வர்ட் பள்ளி நடத்திய அதே செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில் இருந்த ஃப்ளோரிசன்ட் வேலி சமுதாயக் கல்லூரி அதில் முக்கியப் பங்காளி. தொகுதிகளின் தலைப்புகளிலேயே நோக்கம் தெரியும். ரொட்டி வாட்டும் டோஸ்டர், குண்டு பல்ப், கிட்டார், கேமரா, நிலத்தில் தூண் இறக்கும் இயந்திரம். விதியைச் சொல்லிவிட்டு உதாரணம் தேடும் பழக்கத்தை விட்டுவிட்டு, பொருளை மேசைமேல் வைத்து அதற்குள் விதியைத் தேட வைத்தார்கள். டோஸ்டரைத் திறந்தால் வெப்பமும் ஆற்றல் மாற்றமும். கிட்டார் கம்பியைச் சுண்டினால் அலையும் ஒத்ததிர்வும். மெல்லிய தனிப் புத்தகங்களாக இருந்ததால் ஆசிரியர் தன் வகுப்புக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ள முடிந்தது.

டெக்சாஸ் மாநிலம் வேக்கோ நகரில் இயங்கிய கார்ட் என்ற பாட ஆய்வு மையம் இன்னொரு வழியில் போனது. மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், இயந்திரம், வெப்பம் நான்கையும் நான்கு பாடமாகப் படிக்கும் மாணவர் ஒரே கருத்தை நான்கு முறை வேறு வேறு பெயரில் படிக்கிறார். கார்ட் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. இயந்திரத்தில் தள்ளுவது விசை. குழாயில் தண்ணீரைத் தள்ளுவது அழுத்த வேறுபாடு. கம்பியில் மின்னூட்டத்தைத் தள்ளுவது வோல்ட்டேஜ். வெப்பத்தைத் தள்ளுவது வெப்பநிலை வேறுபாடு. தள்ளுவதைப் புரிந்துகொண்டவருக்குத் தடை, வீதம், திறன் எல்லாம் நான்கு துறையிலும் ஒரே மூச்சில் புரியும். இரண்டாண்டுக் கல்லூரிகளுக்காகத் தொடங்கிய இந்த யோசனை 1980களில் வீடியோ, செய்முறை, கணிதப் பயிற்சி சேர்ந்த பதினான்கு அலகுகளாக உயர்நிலைப் பள்ளிகளுக்கும் போனது. ரோபோவைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் எதிரில் மோட்டார், காற்றழுத்த வால்வு, சென்சார் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்ட காலம் அது. துறை பிரித்துப் படித்தவர் அங்கே தடுமாறினார்.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் முறையும் மாறியது. 1960களின் கடைசியில் கனடாவில் உருவான டேக்கம் என்ற முறையில் ஐந்து முதல் பன்னிரண்டு தேர்ந்த தொழிலாளர்களை இரண்டு நாள் ஓர் அறையில் உட்காரவைப்பார்கள். மேலாளர்கள் அல்ல, பேராசிரியர்கள் அல்ல, அந்த வேலையை அன்றாடம் செய்பவர்கள். தங்கள் கடமைகள் எவை, ஒவ்வொரு கடமையிலும் என்னென்ன பணிகள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, நடத்துபவர் அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். இது முன்னால் வர வேண்டும், அது வேறு கடமை, இதை இப்போது யாரும் செய்வதில்லை என்று அட்டைகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் மாலையில் சுவரில் நிற்பது அந்தத் தொழிலின் வரைபடம். சமுதாயக் கல்லூரிகள் பல தங்கள் தொழிற்பாடங்களை இந்தச் சுவரிலிருந்தே எழுதின.

பகிர்ந்தால்தான் முடியும்

1980கள் முடியும்போது தொழில்நுட்பம் ஒரு கல்லூரியின் கைக்கு எட்டாத வேகத்தில் ஓடியது. சிப் ஆலையின் ஓர் இயந்திரத்தின் விலைக்கு ஒரு கல்லூரியையே கட்டலாம். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், அதற்கும் மேல் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குப் புதிய பாடம் எழுத நேரம் ஏது?

1992 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய அறிவியல், உயர்தொழில்நுட்பச் சட்டம் இதற்காகவே வந்தது. தேசிய அறிவியல் அறக்கட்டளை இரண்டாண்டுக் கல்லூரிகளுக்கென்று தனித் திட்டம் நடத்த வேண்டும் என்று அது சொன்னது. ஏடிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தத் திட்டத்தில் கல்லூரிகளே முன்னின்றன, பல்கலைக்கழகமும் தொழிற்சாலையும் துணை நின்றன. ஒரு துறைக்கு ஒரு மையம், அந்த மையம் செய்யும் பாடம் நாட்டுக்கே பொது என்பது அதன் அடிப்படை. அரிசோனாவின் மாரிக்கோப்பா கல்லூரிகளில் சிப் தயாரிப்பு, சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் உயிரித்தொழில்நுட்பம், கலிஃபோர்னியாவின் மான்ட்டரே பெனின்சுலா கல்லூரியில் கடல்சார் தொழில்நுட்பம், வேக்கோவில் ஒளியியல் என்று மையங்கள் எழுந்தன.

மான்ட்டரே மையம் எழுதிய பாடம் புத்தகத்தோடு நிற்கவில்லை. நீருக்கடியில் இயங்கும் ரோபோவை மாணவர்களே செய்து போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். 2002இல் தொடங்கிய அந்தப் போட்டியில் பிவிசி குழாயும் சிறு பம்பு மோட்டாரும் வைத்துச் செய்த ரோபோக்கள் நீச்சல் குளத்தில் இறங்கின. பயிற்சித் துண்டு கடைசியில் எங்கே போகிறது என்ற பழைய கேள்வி இங்கே எழவே இல்லை.

நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் இயங்கிய நுண்கருவிக் கல்வி மையத்தின் பெட்டிகள் இன்னும் நுட்பமானவை. சிலிக்கான் தகட்டின்மேல் படியும் ஆக்சைடு அடுக்கு, தன் தடிமனுக்கேற்ப நிறம் மாறிக் காட்டும். அதை அரிப்பதற்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். எலும்புவரை ஊடுருவும் அமிலம், சாதாரண வகுப்பறைக்குள் கொண்டுவரவே முடியாது. மையம் தன் ஆய்வகத்திலேயே தகட்டைப் படிப்படியாக அரித்து, பட்டை பட்டையாக நிறம் தெரியும்படி செய்து பெட்டியில் வைத்து அனுப்பியது. மாணவர் நிற அட்டையோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பட்டையின் தடிமனையும் கணித்து, எத்தனை நிமிடத்தில் எவ்வளவு அரிக்கப்பட்டது என்று வரைபடம் போடுவார். கோடிக்கணக்கில் செலவாகும் தூய அறை இல்லாத கல்லூரியிலும் அந்தப் பாடம் நடந்தது. இன்னொரு பெட்டியில் அழுத்த சென்சாரைப் பெரிதாக்கிக் காட்டினார்கள். டப்பாவின் வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன்மேல் கிராஃபைட் கலவையால் மின்தடைக் கோடுகள் வரைந்து, ரப்பர் உப்பும்போது தடை மாறுவதை மீட்டரில் படிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கருவியைக் கைக்கெட்டும் அளவுக்குப் பெரிதாக்குவது மாஸ்கோவின் அரப்பல் மாதிரி செய்த அதே வேலை.

இந்த மையங்கள் உருவாக்கிய பாடங்களைத் திரட்டித் தேடக் கொடுக்கும் பொறுப்பை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஏடிஇ சென்ட்ரல் ஏற்றது. மானியம் முடிந்ததும் மையத்தின் இணையப் பக்கங்கள் அணைந்துபோவது பெரும் இழப்பு. எழுதியவர் ஓய்வு பெற்றாலும் எழுதிய பாடம் இருக்க வேண்டும் என்பதற்காக அவற்றைச் சேமித்தும் வைக்கிறார்கள்.

கிண்டியில் ஒரு கிளை

இந்தியாவில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. ஐடிஐக்களில் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் வகுப்புகள் வந்தன. ஆனால் கன்னியாகுமரியில் ஓர் ஆசிரியர் கற்பித்ததும் கான்பூரில் இன்னொருவர் கற்பித்ததும் ஒன்றாக இல்லை. 1986 டிசம்பரில் ஜெர்மனியின் உதவியோடு சென்னை கிண்டியில் மத்தியப் பயிற்சிச் சாதன நிறுவனம் தொடங்கப்பட்டது. நிமி என்று இன்று அறியப்படுவது அதுதான். ஒவ்வொரு தொழிலுக்கும் கோட்பாட்டு நூல், செய்முறை நூல், வினா நூல், ஆசிரியர் வழிகாட்டி. செய்முறை நூலில் எண்ணிட்ட பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் வரைபடம், அளவு, படிநிலை. நாட்டின் மூலை முடுக்கில் உள்ள ஐடிஐ மாணவரும் இன்று கையில் பிடிக்கும் புத்தகம் கிண்டியிலிருந்து போகிறது. தமிழிலும் கிடைக்கிறது.

சமுதாயக் கல்லூரி என்ற அமைப்பு நம் பக்கம் வந்ததும் தெற்கில்தான். புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995இல் ஒன்றைத் தொடங்கியது, அடுத்த ஆண்டு சென்னையில் ஒன்று தொடங்கியது. பள்ளிப் படிப்பை விட்டவர்கள், வீட்டுப் பெண்கள், வேலையில்லாத இளைஞர்கள் ஆகியோருக்கு வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் சேர்த்துத் தருவது அந்த இயக்கத்தின் நோக்கம். நடத்தியவர்கள் உழைப்புக்கு அஞ்சியவர்கள் அல்லர். ஆயினும் துறைக்கொரு மையம், அது எழுதும் பாடம் எல்லாருக்கும் பொது என்ற ஏற்பாடு இங்கே அந்த அளவில் வேர்பிடிக்கவில்லை. தனித்தனிக் கல்லூரியில் தனித்தனி ஆசிரியர் இரவு விழித்து எழுதும் குறிப்புகள் அவரோடே போய்விடுகின்றன.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மின்சார வாகன ஆலைகள் வந்துவிட்டன. பேட்டரித் தொகுப்பைப் பிரித்து, உயர் மின்னழுத்தத்தைத் துண்டித்து, பாதுகாப்பாகச் சோதிப்பது புதிய தொழில். அதற்குத் தமிழில் எண்ணிட்ட பயிற்சித் தாள்கள் வேண்டும். அந்த ஆலைகளில் அன்றாடம் அந்த வேலையைச் செய்யும் எட்டுப் பேரை இரண்டு நாள் ஓர் அறையில் உட்காரவைத்து அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் முதல் வரைபடம் கிடைத்துவிடும். அந்த இரண்டு நாளுக்கு அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும். வரைபடத்தைத் தாளாக மாற்றும் ஐடிஐ ஆசிரியருக்கு ஒரு பருவம் வகுப்புச் சுமையைக் குறைக்க வேண்டும். எழுதிய தாளை மூன்று ஊர்களில் மூன்று வகுப்புகளில் செய்துபார்த்துத் திருத்த வேண்டும். நிமியின் அச்சகமும் அனுபவமும் கிண்டியிலேயே இருக்கின்றன. ஏடிஇ மையங்களின் பாடங்கள் திறந்தே கிடக்கின்றன, எடுத்து நம் பட்டறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளத் தடையில்லாதவை பல. தொழிற்சாலைக்கு நிலமும் சாலையும் மின்சாரமும் ஒதுக்கும்போது இந்தத் தாள்களுக்கும் ஒரு தொகையை அதே கோப்பில் சேர்த்து எழுத அரசுக்கு இப்போதே வழி இருக்கிறது.